மாடிக்கு அப்பா விட்ட டெண்டர்

மொட்டை மாடி ஒழுகுறவங்க மட்டும் கை தூக்குங்க. சரி, போதும், கீழ இறக்கிடுங்க, அப்புறம் தோள்பட்டை பிடிச்சுக்கும். நம்ம வயசுல இத்தனை பேர் ஒரே சமயத்துல கை தூக்கினதே பெரிய விஷயம்.

எங்க வீட்டு மாடியும் இப்ப ஒழுகுது. ஹால்ல ஃபேனுக்குப் பக்கத்துல இந்தியா மேப் மாதிரி ஒரு கறை. போன மழையில கீழ இலங்கையும் சேந்துடுச்சு. மூணு பேரைக் கூப்பிட்டு ரேட் கேட்டேன். மூணு பேரும் வாட்ஸப்புல அனுப்பிட்டாங்க. ஒருத்தர் சதுர அடிக்கு இவ்வளவுன்னு போட்டிருந்தாரு. இன்னொருத்தர் மொத்தமா இவ்வளவுன்னு. மூணாவது ஆளு ரேட்டே போடாம ஒரு கும்பிடுற பொம்மையைப் போட்டு, "நேர்ல பேசிக்கலாம்க்கா"ன்னு முடிச்சுட்டாரு. என் வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டு, கழட்டி, துடைச்சு, மறுபடி போட்டு மூணையும் பாத்தாரு. பாத்துட்டு, "எது கம்மி?"ன்னு கேட்டாரு.

எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. அவரு கோவிச்சுக்கிட்டாரு. அவரைப் பாத்து சிரிக்கல, எங்கப்பாவை நெனச்சு சிரிச்சேன்னு சொன்னா நம்பவா போறாரு. அதான் உங்ககிட்ட சொல்றேன். நீங்களும் நம்பலேன்னா பரவாயில்ல, எனக்குப் பழக்கம்தான்.

நான் அஞ்சாங்கிளாஸ் படிச்ச வருஷம். ஸ்ரீரங்கத்துல ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால ஒரு சந்துல எங்க வீடு. சந்துன்னா, எதிர்க்க ஒரு சைக்கிள் வந்தா நாம யாரு வீட்டுப் படியிலயாவது ஏறி நிக்கணும். அந்த மாதிரி சந்து. வீடு சின்னதுதான், ஆனா மேல மொட்டை மாடி பெருசா இருக்கும். ஏறி நின்னா ஒரு பக்கம் கோபுரம், இன்னொரு பக்கம் தென்னை மரமா தெரியும். தட்டோடு, அதான் சதுரமா தட்டையான செங்கல் ஓடு, பதிச்ச தரை. வெயில்ல கால் வெச்சா தவளை மாதிரி குதிக்கணும்.

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஸ்டோர்ஸ் கிளார்க். அங்க ஆணி வாங்கணும்னாலும் டெண்டர்தான், துடைக்கிற பஞ்சு வாங்கணும்னாலும் டெண்டர்தான். சீல் வெச்ச கவர் வரும். எல்லாரும் பாக்கப் பிரிப்பாங்க. அப்பா ஒரு நீளத் தாள்ல கோடு போட்டு, யாரு எவ்வளவு கேட்டிருக்காங்கன்னு வரிசையா எழுதி மேல அனுப்புவாரு. யாருக்குக் குடுக்கறதுன்னு முடிவு பண்றது ஆபீசர். கீழ கையெழுத்து போடுறதும் ஆபீசர். அப்பா வேலை கோடு போடுறதோட சரி. ஆனா அந்தக் கோட்டைப் பாக்கணும் நீங்க. ரயில் தண்டவாளம் தோத்துரும்.

எனக்கு ஒரு அக்கா. என்னைவிட ரொம்பப் பெரியவ. அவளை லால்குடியில குடுத்திருந்தோம். வயல், களம், மாடுன்னு இருக்கிற வீடு. அந்த வருஷம் அவ முழுகாம இருந்தா. தலைப்பிரசவம் நம்ம வீட்லதானே பாக்கணும். ஒம்போதாம் மாசம் வளைகாப்பு போட்டு அழைச்சுட்டு வர்றதுன்னு பேச்சு.

அதுக்கு நாள் குறிக்க ஆவணி மாசத்துல அவ மாமியார் எங்க வீட்டுக்கு வந்தாங்க. நான் அவங்களை லால்குடி அத்தைன்னு கூப்பிடுவேன். நல்ல உயரம். குரல் களத்துக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் கேக்குற குரல். பிரசவத்துக்கு வர்ற பொண்ணுக்கு எந்த ரூம்னு பாக்கணும்னாங்க. அம்மா பெருமையா உள் ரூமைக் காட்டினாங்க. கட்டில், புதுப் பாய், தொட்டில் மாட்டக் கொக்கி எல்லாம் ரெடி. அன்னிக்குன்னு பாத்து சாயங்காலம் ஒரு மழை. அத்தை கட்டில்ல உக்காந்து காபி குடிச்சிட்டிருந்தாங்க. மேலேர்ந்து ஒரு சொட்டு நேரா டம்ளருக்குள்ள விழுந்துச்சு. அத்தை டம்ளரைப் பாத்தாங்க. அப்புறம் மேல பாத்தாங்க. அடுத்த சொட்டு நெத்தியில.

"என்னங்க சம்பந்தி, காபி தண்ணியா இருக்கேன்னு பாத்தேன்"னாங்க.

அப்பா அசட்டுச் சிரிப்பு சிரிச்சாரு.

"இதைச் சரி பண்ணிட்டுச் சொல்லுங்க. பொண்ணை அனுப்புறேன். பச்சப் புள்ளைய ஒழுகுற வீட்டுக்கு நான் அனுப்ப மாட்டேன்."

அவங்க பஸ் ஏறினதும் அம்மா பொங்கிட்டாங்க. "ஒரு சொட்டு விழுந்துச்சாம், அதுக்கு இந்தப் பேச்சு. பொண்ணை அனுப்ப மனசில்ல, அதுக்கு ஒரு சாக்கு." அப்பாவும் அதையேதான் சொன்னாரு. வருஷம் பூரா வேற எதுலயும் ஒத்துப் போகாத ரெண்டு பேரும் அந்த அம்மாவைத் திட்டுறதுல ஒத்துப் போனாங்க. எனக்கு அது புதுசா இருந்துச்சு.

அக்காகிட்டேர்ந்து ஒரு கார்டு வந்துச்சு. சுருக்கமா. மாடியைச் சீக்கிரம் சரி பண்ணச் சொல்லுங்கம்மா, எனக்கு அங்கதான் வரணும், எனக்கு பயமா இருக்குன்னு. அம்மா அதைப் படிச்சுட்டு அரிசி டின்னுக்குள்ள வெச்சுட்டாங்க. ஏன் அரிசி டின்னுன்னு எனக்குத் தெரியல. கேக்க நெனச்சேன், அவங்க மூஞ்சியைப் பாத்து கேக்கல. நான் கேள்வி கேக்காம விட்டது அன்னிக்கு ஒரு நாள்தான்.

வேற வீடா இருந்தா ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டு, பேரம் பேசி, வேலையை ஆரம்பிச்சிருப்பாங்க. எங்கப்பா டெண்டர் விட்டாரு.

நெசமாத்தான். கார்பன் வெச்சு மூணு காப்பி எழுதினாரு. "கூரை பழுது பார்த்தல். வேலை விவரம்: மழை பெய்தால் ஒழுகக் கூடாது." விவரம் அவ்வளவுதான். ஆனா கண்டிஷன் மட்டும் முதுகுப் பக்கமும் ஓடுச்சு. சீல் வெச்ச கவர்ல போடணும். பெட்டியில போட்டா திரும்ப எடுக்க முடியாது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எல்லார் முன்னாடியும் பிரிக்கப்படும். பெட்டின்னா பிஸ்கட் டின். அப்பா அதுல ஆணியால குத்திக் குத்தி கவர் நுழையற மாதிரி ஒரு ஓட்டை போட்டாரு. டெண்டர் கமிட்டியில மொத்தம் ரெண்டு பேர். அப்பாவும் நானும். என் வேலை வர்றவங்களை மாடிக்குக் கூட்டிட்டுப் போயி டேப்போட ஒரு முனையைப் பிடிக்கறது. அம்மாவைக் கமிட்டியில சேக்கல. "நீ எல்லார்கிட்டயும் ரேட்டைச் சொல்லிடுவே"ன்னுட்டாரு.

மூணு பேர் வந்தாங்க.

முதல்ல புத்தூர்லேர்ந்து ஒரு கான்ட்ராக்டர். புல்லட்ல வந்தாரு. சந்துக்குள்ள வண்டி சத்தம் கேட்டு எதிர் வீட்டுத் தாத்தா ட்ரான்சிஸ்டரை நிறுத்திட்டு வெளிய வந்துட்டாரு. கான்ட்ராக்டர் மாடியில ஏறி நின்னு, இடுப்புல கை வெச்சு, கோபுரத்தைப் பாத்தாரு. "என்னா வியூ சார்"னாரு. "தார் ஷீட் ஒட்டிடலாம். கேரண்டி தரேன்." கீழ குனிஞ்சே பாக்கல. அவரு பேன்ட்டுக்கு குனிஞ்சா ஆபத்துன்னு எனக்குத் தோணுச்சு.

அடுத்தது வெத்தலை மேஸ்திரி. வாய்ல எப்பவும் வெத்தலை இருக்கும், அதனால பாதி பேச்சு கையாலதான். அவரு தரையில மண்டி போட்டு, ஒரு கல்லை எடுத்துத் தட்டிக்கிட்டே போனாரு. நானும் கூடவே மண்டி போட்டேன். ஒரு இடத்துல டங்குன்னு கேட்டுச்சு. உள் ரூமுக்கு நேர் மேல தொப்புன்னு கேட்டுச்சு. "கேட்டியா பாப்பா? அடியில பிடிப்பு விட்டுப் போச்சு"ன்னாரு. தட்டோட்டை எல்லாம் எடுக்கணும், அடியில இருக்கிற பழைய சுருக்கிக் காரையைக் கொத்தி எடுக்கணும், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து புதுசாப் போட்டு, பொம்பளைங்க வரிசையா உக்காந்து கட்டையால நாள் கணக்கா அடிக்கணும், கடுக்காயும் வெல்லமும் ஊறப் போட்ட தண்ணியைத் தெளிக்கணும்னாரு.

"வெல்லம் போட்டா எறும்பு வராதா?"ன்னு கேட்டேன்.

"வரும். அதையும் சேத்து அடிச்சிருவோம்."

எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஆனா கமிட்டி மெம்பர் வெளியில காட்டிக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருந்தாரு.

மூணாவது ஆளு சிரிச்ச மேஸ்திரி. எங்க சந்து முனையில குடியிருந்தாரு. எது கேட்டாலும் சிரிப்பாரு. "ஒழுகக் கூடாதுங்க"ன்னு அப்பா சொன்னாரு. "ஆயிரும் சார்." "மழைக்கு முன்னாடி முடியணும்." "ஆயிரும் சார்." "எப்பிடிச் செய்வீங்க?" அதுக்கும் சிரிச்சாரு. "செஞ்சா ஆயிரும் சார்."

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூடத்துல பெஞ்சு போட்டு மூணு பேரையும் உக்கார வெச்சாரு அப்பா. தானும் இஸ்திரி போட்ட சட்டை. அம்மா காபி குடுத்துட்டு உள்ள போற மாதிரி போயி கதவுக்குப் பின்னால நின்னாங்க. புல்லட் கான்ட்ராக்டர் கவர் டைப் அடிச்சது. வெத்தலை மேஸ்திரி கவரை சோத்துப் பருக்கை வெச்சு ஒட்டியிருந்தாரு, ஓரமா வெத்தலைக் கறை. சிரிச்ச மேஸ்திரி கவரே போடல. அப்பத்தான் கேட்டாரு, "மத்தவங்க எவ்வளவு சார் போட்டிருக்காங்க? அதுல நூறு கம்மி பண்ணி நீங்களே எழுதிக்குங்களேன்."

அப்பாவுக்கு வேர்த்துப் போச்சு. அப்பிடியெல்லாம் பண்ணக் கூடாது, அது முறையில்லன்னு ரொம்ப நேரம் விளக்கினாரு. சரின்னு சிரிச்ச மேஸ்திரி வாசலுக்குப் போயி, என் கணக்கு நோட்டுலேர்ந்து ஒரு தாளைக் கிழிச்சு, தொகையை மட்டும் எழுதி மடிச்சுக் குடுத்தாரு.

பிரிச்சாச்சு. புல்லட்காரரு எக்கச்சக்கம். வெத்தலை மேஸ்திரி நடுவுல. சிரிச்ச மேஸ்திரி கேட்டது வெத்தலை மேஸ்திரி கேட்டதுல பாதிதான்.

அப்பா நீளத் தாளை எடுத்துக் கோடு போட்டாரு. மூணு பேரு, மூணு தொகை. அம்மா கதவுக்குப் பின்னாலேர்ந்து, "ஏங்க, ஒருத்தர் ஷீட் ஒட்டுறேங்கிறாரு, ஒருத்தர் கொத்திப் போடுறேங்கிறாரு, இந்த ஆளு என்ன பண்ணப் போறேன்னே சொல்லலியே. மூணையும் எப்பிடி ஒண்ணாப் பாப்பீங்க?"ன்னாங்க.

"எப்பிடிச் செய்யறாங்கங்கிறது அவங்க பாடு. ஒழுகக் கூடாது. அதான் கண்டிஷன். கண்டிஷனுக்கு மூணு பேரும் ஒத்துக்கிட்டாங்க. அப்ப யாரு கம்மியோ அவங்களுக்குத்தான் குடுக்கணும். ரூல் அது."

"உங்களுக்கு ஒழுகாத கூரை வேணுமா, ஒழுங்கான டெண்டர் வேணுமா?"

அப்பா பையிலேர்ந்து புதுப் பேனா ஒண்ணு எடுத்தாரு. தாளோட அடியில "ஏற்றுக்கொள்ளப்பட்டது"ன்னு எழுதி கையெழுத்து போட்டாரு. பச்சை இங்க்.

எங்க வீட்ல பச்சை இங்க் அதுக்கு முன்னால நான் பாத்ததில்ல. நல்லா இருக்கேன்னு எனக்கும் ஒரு கையெழுத்து போடணும்னேன், விடல. அவங்க ஆபீஸ்ல பச்சை இங்க்ல போடுறது பெரிய ஆபீசர் மட்டும்தான்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத் தெரிஞ்சுது. நாமளும் ஆபீஸ், ஸ்கூல்னு யாரோ போடுற கையெழுத்துக்குக் கோடு போட்டுக் குடுத்தவங்கதானே. அப்பா கஞ்சத்தனம் பண்றாருன்னுதான் எல்லாரும் நெனச்சோம். அவருக்குக் காசு பெருசில்ல, அன்னிக்கு ஒரு சாயங்காலம் அவரு ஆபீசர். அந்தப் பேனாவுக்காகவே டெண்டர் விட்டாரோன்னுகூட இப்பத் தோணுது.

வெத்தலை மேஸ்திரி எந்திரிச்சு வாயைத் துடைச்சுக்கிட்டாரு. "சார், நான் என்ன போட்டுத் தரேன்னு சொல்லி ரேட் சொன்னேன். அவரு என்ன போட்டுத் தர்றாருன்னு கேட்டுக்குங்க"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாரு. சிரிச்ச மேஸ்திரி சிரிச்சாரு.

வேலை ஜோரா ஆரம்பிச்சுது. ரெண்டே நாள்ல தட்டோடு பூரா பேத்து எடுத்தாச்சு. உள் ரூமுக்கு மேல சுருக்கியையும் கொத்தியாச்சு. நான் ஸ்கூல் விட்டு ஓடி வந்து மாடியிலதான் கிடப்பேன். பழைய சுண்ணாம்புக்குள்ள கிளிஞ்சல் துண்டு எல்லாம் இருக்கும். ஒரு டப்பா நிறைய சேத்தேன். அந்த டப்பா எங்க போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. கறுப்பா, தேங்காய் எண்ணெய் படம் போட்ட தகர டப்பா, யாருகிட்டயாவது இருந்தா சொல்லுங்க.

அப்புறம் மேஸ்திரி ஒரு நாள் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே வந்தாரு. "சார், மணல் லாரி சந்துக்குள்ள வராது. ரோட்டுலேர்ந்து தலைச்சுமையா கொண்டாரணும். அது வேற."

"வேறன்னா?"

"டெண்டர்ல வராது சார்."

அப்பா குடுத்தாரு. ரெண்டு நாள் கழிச்சு, "பேத்ததுல பாதி ஓடு உடைஞ்சு போச்சு சார். புதுசு வாங்கணும். அது வேற." அப்பா முறைச்சாரு, குடுக்கல. அடுத்த நாள், "இடிச்ச குப்பை எல்லாம் மேலயே கிடக்கு சார். கீழ இறக்கி, கழுதையில ஏத்தி வெளிய கொட்டணும். கழுதை வேற."

"எல்லாம் அடங்கினதுதான் அந்த ரேட்டு"ன்னாரு அப்பா.

"கழுதைன்னு எங்க சார் எழுதியிருந்தீங்க? ஒழுகக் கூடாதுன்னுதானே எழுதியிருந்தீங்க. கழுதையா ஒழுகுது?"

அதுக்கப்புறம் ஆளு வரல. வேற வேலைக்குப் போயிட்டாரு. மாடி தோலுரிச்ச மாதிரி கிடந்துச்சு, ஓரத்துல மலையா குப்பை. அப்பா சந்து முனைக்கு நடந்து போயிக் கூப்பிட்டிருக்கலாம். நோட்டீஸ் எழுதினாரு. "இக்கடிதம் கண்டவுடன் பணியைத் தொடராவிட்டால் தங்கள் டெண்டர் ரத்து செய்யப்படும்." அதை ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பினாரு. எங்க வீட்லேர்ந்து அவரு வீட்டுக்கு நொண்டியடிச்சே போயிடலாம், நான் போயிருக்கேன்.

தபால் போய்ச் சேந்த அன்னிக்கு சாயங்காலம் மேஸ்திரி கவரோட வந்தாரு. பிரிக்கவே இல்ல.

"எங்க வீட்டுக்குத் தபால்காரர் வந்ததே இல்ல சார். என் சம்சாரம் யாருக்கோ என்னமோ ஆயிப் போச்சுன்னு அழ ஆரம்பிச்சுட்டா. என்ன எழுதியிருக்குன்னு நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

அப்பா தான் எழுதின நோட்டீஸைத் தானே அவருக்கு நின்னுக்கிட்டுப் படிச்சுக் காட்டினாரு. அம்மா அடுப்படியில கரண்டியைக் கீழ போட்டாங்க, வேணும்னேதான். மேஸ்திரி கடைசி வரைக்கும் பொறுமையாக் கேட்டாரு.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா கழுதை வேற."

அப்பா அடுத்த நாளே வெத்தலை மேஸ்திரி வீட்டுக்குப் போனாரு. நானும் போனேன். அவரு ஒரு வார்த்தை குத்திப் பேசல. வானத்தைக் காட்டினாரு. "மேகம் கட்டிடுச்சு சார். இப்பப் போட்டா சுண்ணாம்பு காயாது, அடிச்சதெல்லாம் கரைஞ்சு போயிரும். தை பொறக்கட்டும், நானே வந்து போட்டுத் தரேன்." வர்ற வழியில நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் பதில் வரல, கிட்டத்தட்ட முப்பது கேட்டிருப்பேன்.

ஐப்பசி பொறந்து வளைகாப்பு நாளும் வந்துடுச்சு. எல்லாரும் லால்குடிக்குப் போனோம். அவங்க வீட்டுக்கு முன்னாடி களத்துல குறுவை அறுத்த நெல்லு குவிச்சுக் கிடந்துச்சு. மேல ஒரு பெரிய காக்கித் தார்ப்பாய். நான் அதுல ஏறி ஏறிச் சறுக்கினேன், ஒரு ஆளு வந்து விரட்டற வரைக்கும். உள்ள அக்காவுக்கு முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். அவ கையை அசைச்சாலே சத்தம். ஏழு விதமா சாதம். புளிசாதம் பிரமாதம், இன்னிக்கும் நாக்குல இருக்கு.

எல்லாம் முடிஞ்சு அக்கா பெட்டியோட வந்து நின்னா. எங்க கூடக் கிளம்புறதுக்கு. லால்குடி அத்தை கேட்டாங்க, "என்ன சம்பந்தி, மாடி முடிஞ்சுதா?"

அம்மா அப்பா முதுகுல லேசா இடிச்சாங்க. ஆமான்னு சொல்லுங்கன்னு அர்த்தம். நான் பின்னாலதான் நின்னேன், நல்லாப் பாத்தேன். அப்பா வாயைத் திறந்தாரு, மூடினாரு. அப்புறம், "இல்லீங்க. பேத்தாச்சு. போடல. முந்தி சொட்டிச்சு, இப்ப மழை வந்தா ஊத்தும்"னாரு.

அக்கா கையில வளையல் சத்தம் நின்னுடுச்சு.

அத்தை அப்பாவையே பாத்தாங்க. "மேல இப்ப ஒண்ணுமே இல்லியா?"

"இல்லீங்க."

"எத்தனைக்கு எத்தனை மாடி?"

அப்பா அளவு சொன்னாரு. அதெல்லாம் கரெக்டா தெரியும் அவருக்கு.

"சரி, நீங்க போயிட்டு வாங்க. உங்க பொண்ணு இங்கயே இருக்கட்டும்."

அக்கா பெட்டியைக் கீழ வெச்சா. திரும்பி வர்ற பஸ்ல அம்மா ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்திருந்தாங்க. "அந்தம்மா கமுக்கமா சாதிச்சுட்டாங்க பாத்தீங்களா"ன்னு ஒரே ஒரு தடவை சொன்னாங்க. அப்பாவைத் திட்டல. திட்டியிருந்தா அப்பாவுக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

மறுநாள் மழை பிடிச்சுக்கிச்சு. உள் ரூம்ல குண்டான், வாளி, சொம்பு, என் டிபன் பாக்ஸ் வரைக்கும் வெச்சோம். ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு சத்தம். நான் அதை வெச்சுப் பாட்டுக் கட்டிட்டிருந்தேன். அம்மா கட்டில்ல இருந்த புதுப் பாயைச் சுருட்டி எடுத்தாங்க. சுருட்டும்போது அழுதாங்க. நான் பாட்டை நிறுத்திட்டேன்.

அதுக்கு அடுத்த நாள் காலையில மழை கொஞ்சம் விட்டிருந்துச்சு. சந்து முனையில ஒரு வேன் நிக்குதுன்னு எதிர் வீட்டுத் தாத்தா சொன்னாரு. பாத்தா, லால்குடி அத்தை சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு முன்னாடி வர்றாங்க. பின்னாடி வளையல் சத்தத்தோட அக்கா. அதுக்கும் பின்னாடி ரெண்டு ஆளுங்க எதையோ பெருசா சுருட்டித் தோள்ல தூக்கிட்டு வர்றாங்க. காக்கித் தார்ப்பாய். நான் சறுக்கினேனே, அதே தார்ப்பாய்தான். ஓரத்துல இருந்த ஒட்டுத் துணியை வெச்சே கண்டுபிடிச்சுட்டேன்.

"டெண்டர் விடாம வந்துட்டேன், பரவாயில்லீங்களா சம்பந்தி?"ன்னாங்க அத்தை. அக்கா எல்லாத்தையும் சொல்லிட்டா போல.

அம்மா திணறிப் போயி, "இன்னிக்கு நாள் நல்லா இல்லியே சம்பந்தியம்மா"ன்னாங்க.

"மழை மட்டும் பஞ்சாங்கம் பாத்தா பெய்யுது? உங்க பொண்ணு ரெண்டு நாளா சாப்பிடல. அழுது அழுது என் வீட்டையும் ஒழுக விட்டுடும் போல. நீங்களே வெச்சுக்குங்க."

சொல்லிட்டு அவங்களே மாடி ஏறிட்டாங்க. தார்ப்பாயை விரிச்சு, நாலு பக்கமும் கைப்பிடிச் சுவர்ல கயித்தால கட்டி, காத்துல தூக்காம இருக்க மேல பாரம் வெக்கச் சொன்னாங்க. பாரத்துக்கு எங்க போறதுன்னு ஆளுங்க முழிச்சாங்க. அப்பா மெதுவா ஓரத்துல இருந்த குப்பை மலையைக் காட்டினாரு. கழுதைக்குக் காசு குடுக்காததால மீந்த குப்பை. அது பூராவும் தார்ப்பாய்க்குப் பாரமா போச்சு. அப்பாவும் சட்டையைக் கழட்டிட்டு சுமந்தாரு. அம்மா அவரையே பாத்துட்டிருந்தாங்க.

அந்த மழைக்காலம் பூரா உள் ரூம்ல ஒரு சொட்டு விழல. மழை பெஞ்சா மேல தப்தப்புன்னு ஒரு சத்தம், யாரோ பெரிய முறத்துல அரிசி புடைக்கிற மாதிரி. அக்காவுக்கு கார்த்திகையில ஆம்பளப் புள்ள பொறந்தான். புத்தூர்ல ஆஸ்பத்திரி. அங்கேர்ந்து நேரா அந்த ரூமுக்குத்தான் வந்தான். அவன் மூஞ்சியைப் பாக்குறதா, மாடிக்குப் போறதான்னு எனக்கு தினமும் குழப்பம். ஏன்னா தார்ப்பாய் மடிப்புல சிக்கியிருந்த நெல்லு முளைச்சு, மொட்டை மாடியில பச்சையா நாத்து நின்னுச்சு. எண்ணெய் பாட்டில் மூடியில தண்ணி மொண்டு ஊத்துவேன். மழை பெய்யறப்பவும் ஊத்துவேன். அறிவு அப்பவே இவ்வளவுதான்.

தை பொறந்து வெத்தலை மேஸ்திரி சொன்ன மாதிரியே வந்துட்டாரு. அப்பா கவரும் கேக்கல, தாள்ல கோடும் போடல. என்னென்ன போடுவீங்கன்னு கேட்டு, பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டாரு.

அந்த மாசக் கடைசியில அக்காவையும் குழந்தையையும் லால்குடியில கொண்டு விடப் போனோம். தார்ப்பாயையும் கழுவி, காய வெச்சு, சீர்வரிசையோட சேத்து எடுத்துட்டுப் போனோம். அங்க பந்தி போட்டு இலை விரிச்சாங்க. எங்களுக்குப் பழைய அரிசிச் சோறு, மல்லிகைப்பூ மாதிரி. நான் தண்ணி குடிக்கன்னு அடுப்படிக்குப் போனேன். அங்க மூலையில இன்னொரு பானை மூடி வெச்சிருந்துச்சு. மூடியிருந்தா திறந்து பாக்குற ரகம் நான். உள்ள சோறு பழுப்பும் கறுப்புமா, ஈரத்துணியைப் பெட்டிக்குள்ள போட்டு மறந்த மாதிரி ஒரு வாடை.

கூடத்துக்கு வந்து எல்லார் முன்னாடியும், "ஏன் அத்தை அந்தப் பானைச் சோறு மட்டும் நாறுது?"ன்னு கேட்டேன்.

அம்மா என் தொடையைக் கிள்ளினாங்க. அக்கா வீட்டுக்காரர் சிரிச்சுட்டாரு. "அது எங்களுக்கு. ஐப்பசியில களத்துல கிடந்த நெல்லு பூரா மழையில மாட்டிக்கிச்சுல்ல. பாதி முளைச்சே போச்சு. மிச்சத்தை யாரும் வாங்கல. அவிச்சு அரைச்சு நாங்களே தின்னு தீத்துட்டிருக்கோம்."

"சோறு திங்கிற நேரத்துல என்னடா பேச்சு?"ன்னாங்க அத்தை.

"மூடலியா மாப்ள?"ன்னு அப்பா கேட்டாரு.

"எதை வெச்சுங்க மூடுறது?"

சொன்னப்புறம்தான் அவருக்கும் உறைச்சுது போல, தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அக்கா குழந்தையைத் தோள்ல மாத்திப் போட்டுக்கிட்டா. அம்மா பிசைஞ்ச சோத்துல கையை வெச்ச மாதிரியே இருந்தாங்க.

அப்பா தன் இலையில இருந்த வெள்ளைச் சோத்தை ஒரு ஓரமா ஒதுக்கினாரு. "சம்பந்தியம்மா, எனக்கு அந்தப் பானையிலேர்ந்து போடுங்க."

"அது உங்களுக்கு ஒத்துக்காதுங்க."

"போடுங்க."

"உங்க டெண்டர்ல அது வராதுங்களே சம்பந்தி"ன்னு அத்தை சிரிச்சாங்க. விளையாட்டாத்தான் சொன்னாங்க.

அப்பா சிரிக்கல. "வரும்ங்க. எழுதும்போது நான்தான் விட்டுட்டேன்."

அத்தை சிரிப்பை நிறுத்தினாங்க. அப்புறம் போயி ஒரு கரண்டி கொண்டு வந்து போட்டாங்க. காபியில சக்கரை ஒரு துளி கூடினாலே திருப்பி அனுப்புற மனுஷன், அந்தச் சோத்தை ரசம் விட்டுப் பிசைஞ்சு, ஒரு பருக்கை விடாம சாப்பிட்டு, இன்னொரு தடவையும் கேட்டாரு. அம்மா தன் இலையையும் முன்னால நகத்தினாங்க. அதுக்கப்புறம் நானும் கேட்டேன். எனக்கு விஷயம் முழுசாப் புரிஞ்செல்லாம் கேக்கல, எல்லாரும் சாப்பிடறாங்களே, எப்பிடித்தான் இருக்கும்னு பாக்கலாம்னுதான் கேட்டேன். நல்லா இல்ல. ரெண்டு வாய் மூச்சைப் பிடிச்சுட்டு முழுங்கினேன். கடைசியில அத்தை நடந்து அலுத்துப் போயி பானையையே தூக்கிட்டு வந்து நடுக்கூடத்துல வெச்சுட்டு, அவங்களும் எங்க கூட இலை போட்டு உக்காந்துட்டாங்க.

அன்னிக்கு அந்த வீட்ல வெள்ளைச் சோறுதான் மீந்து போச்சு.